அரை வீசை

கால்வாய்க்கரை மேட்டில் சைக்கிள் குதிக்கும்போதெல்லாம்
பின்னால் கோணிப்பைக்குள் எடைக்கருவி
யாரும் ஏறாமலே நாலு கிலோ காட்டும்.
பெகுவில் மருந்துப் பெட்டியோடு அதையும் கொடுத்தார்கள்,
கூடவே ஆளுக்கொரு அட்டை:
மேலேறும் ஒரு கோடு,
கோட்டுக்குக் கீழே சிவப்பு.

இந்த ஊரில் ஒன்பது பேர் முழுகாமல் இருக்கிறார்கள்.
எட்டுப் பேர் எப்படியோ கோட்டைத் தொட்டுவிட்டார்கள்.
வீட்டில் பவளக்கொடி, அடையாள அட்டையில் மா ஏ தன்,
அவள் மட்டும் மூன்று மாதமாகச் சிவப்பில்.

போன மாதம் கோயில் கொட்டகையில்
எல்லார் முன்னாலும் கேட்டேன்:
"பிள்ளைக்குப் போடாம என்னத்தடி சேத்து வைக்கிற?"
சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பை நான் எடை போட்டிருக்க வேண்டும்.

இன்று ஏறினாள்.
முள் துள்ளியது.
சபாஷ் என்றேன், பேனாவைத் திறந்தேன்.
இறங்கிச் செருப்பு மாட்டக் குனிந்தவளின்
தமெய்ன் முடிச்சிலிருந்து
பலகைமேல் தொப்பென்று விழுந்தது
துரு ஏறிய இரும்பு. கருவாட்டுக் கடைப் படிக்கல்.
அரை வீசை.

படுத்திருந்த நாய் எழுந்து இடம் மாறியது.
வேறு யாரும் அசையவில்லை.

மற்ற எட்டு மடியிலும் என்னென்ன இருந்ததோ
என்று ஒரு கணம் பயந்தேன்.

"பெரிசா வளந்தா வயித்த வெட்டித்தான் எடுப்பாங்களாம், செயாமா.
வேன் வாடகை, ரத்தம், ஊசி...
யாருகிட்டப் போயி நிக்கிறது?
சின்னதா இருந்தா வீட்டோட வழுக்கிட்டு வந்துரும்.
அதான் ராத்திரிச் சோத்த நிப்பாட்டினேன்.
நீங்க திட்டுவீங்கன்னுதான் கல்லு."

அட்டையில் இதற்குக் கோடு இல்லை.
"சின்னதாப் பொறந்ததும் பெகுவுக்குத்தான் போகுது,
கண்ணாடிப் பெட்டிக்குள்ள. திரும்பி வர நாளாகும்"
என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.
ஒரு பயத்துக்கு இன்னொரு பயத்தைப் படிக்கல்லாக வைப்பது
எனக்கே பிடிக்கவில்லை.

அதற்குள் சன்னாசி ஓடிவந்தான்.
காலையிலிருந்து செங்கல்லை வைத்து நிறுத்திருக்கிறான்,
சந்தையில் இரண்டு பெண்கள் சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.
கீழே கிடந்த இரும்பைப் பார்த்தான்.
பெண்டாட்டியைப் பார்த்தான்.
என்னைப் பார்த்துத் தலையைத் தொங்கப்போட்டான்.
பிறகு கேட்டான்:
"மொத்தம் எம்புட்டு ஏறணும்? கிலோவுல சொல்லாதீங்க."

"ஆறேழு வீசை."

"புள்ள ஏழு வீசையா?"

"புள்ள ரெண்டு.
தொப்புள்கொடியும் தண்ணியும் ஒண்ணு.
ஊறுற ரத்தமும் கருப்பையும் ஒண்ணரை, ரெண்டு."

"மீதி?"

"அவ ஒடம்புல நிக்கும். பொறந்தப்புறம் பாலாகும்."

"இருப்பு" என்றான்.

"இருப்புதான்."

விரலை மடக்கி மடக்கி
ஏதோ முணுமுணுத்தான்.
ஆறு மாதத்தில் ஒரு வீசைகூட ஏறாத கணக்கு
அவனுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது.
"புள்ள பெரிசாகுதா இல்லையான்னு
மாசாமாசம் வயித்த அளந்து சொல்றேன்.
வெட்டணும்னா முன்கூட்டியே தெரியும்,
வேனுக்கு ஊரே சேந்து பாத்துக்கலாம்" என்றேன்.
ஊரைக் கேட்காமலே சொல்லிவிட்டேன்.
இனிமேல்தான் கேட்க வேண்டும்.

"மறுபடி ஏறட்டா?"
இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டிவிட்டு
அவளே ஏறினாள்.
முள் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது.
சிவப்பில் புள்ளி வைத்தேன்.
இந்த முறை நான் கேட்டது
நேற்று என்ன சாப்பிட்டாய் என்று மட்டும்.
புளிச்சக்கீரை, கொஞ்சம் ஙப்பி,
அவித்த பட்டாணி ஒரு கை.
சோறு? வாயை மூடிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் சந்தை கலைந்திருந்தது.
சன்னாசி கடையில் ஆளில்லை,
ஆனாலும் தராசைத் தூக்கிப் பிடித்திருந்தான்.
ஒரு தட்டில் அந்த அரை வீசைக் கல்,
இன்னொன்றில் இரண்டு வாத்து முட்டை.
விற்பதற்கில்லை, சும்மா பார்க்கிறான்.

தட்டு இறங்கவில்லை.
குனிந்து கூடையிலிருந்து
இன்னொன்றை எடுத்து வைத்தான்.